திருப்பித் தர முடியாத வசவு

ஒரு சின்னச் சோதனை. ‘ஙொப்பன்’ என்று ஒரு சொல், ‘ஙொத்தா’ என்று ஒரு சொல். இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். முதலாவது ‘உங்கப்பன்’ தேய்ந்து வந்தது. இரண்டாவது ‘உங்காத்தா’ தேய்ந்து வந்தது. இலக்கணப்படி பார்த்தால் இரண்டிலும் கெட்ட வார்த்தை எதுவும் கிடையாது. ஒன்று உன் அப்பா, இன்னொன்று உன் அம்மா. ஒரு வினைச்சொல்கூட இல்லை. ஆனாலும் முதலாவதைச் சொன்னால் எதிரே நிற்பவன் சிரித்துவிடக்கூட வாய்ப்புண்டு. இரண்டாவதைச் சொன்னால் கை சட்டைக் காலருக்கு வரும்.

அந்த விடுபட்ட வினைச்சொல்லைக் கேட்பவனின் காதே போட்டுக்கொள்கிறது. அப்பனைச் சொன்னால் போட்டுக்கொள்ள ஒன்றும் தோன்றுவதில்லை. ஆத்தாளைச் சொன்னதும் உடனே தோன்றிவிடுகிறது. இத்தனைக்கும் ஆடி மாதம் கூழ் ஊற்றுவது இதே ஆத்தாவுக்குத்தான்.

பெண்பாலை வைத்துச் சொல்லும் வசவுகள் ஏன் மற்றவற்றைவிடக் கனமாக விழுகின்றன, அவற்றுக்குள்ளேயே சில ஏன் மிகக் கனமாகவும் சில பஞ்சு மாதிரியும் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு சொற்களே போதும். ஆனாலும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். வசவுகளை எழுதாமல் வசவைப் பற்றி எழுத வழியில்லை என்பதால் சிலவற்றை அப்படியே எழுதுகிறேன். உறுப்புப் பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். அவை இல்லாமலே விஷயம் புரியும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவைப்போம். குறிக்கும் பொருள் அசிங்கமாக இருப்பதால் சொல் அசிங்கமாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ‘மயிர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று மானத்தைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் கூச்சமில்லாமல் எழுதிய சொல். இன்று முடிவெட்டும் கடையில்கூட அதைச் சொல்லத் தயங்குகிறோம், ‘முடி’ என்கிறோம். முடி வளர்வதில் எந்த மாற்றமும் இல்லை. பாலக்காட்டைத் தாண்டினால் இதே சொல் இன்னும் சூடாகிவிடும். தமிழில் சலிப்பாகச் சொல்வதை மலையாளத்தில் சொன்னால் அடிதடி ஆகும். ஆகவே கனம் பொருளிலிருந்து வருவதில்லை. யார், யாரைப் பார்த்து, எதைப் பறிப்பதற்காக அந்தச் சொல்லைப் பழக்கினார்கள் என்பதிலிருந்து வருகிறது.

ஆணைத் திட்டும் சொற்களைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பொறுக்கி, பேமானி, களவாணி, மடையன், தண்டச்சோறு. பெரும்பாலும் அவன் செய்த காரியத்தையோ, செய்யாத வேலையையோ, அறிவையோ, நாணயத்தையோ குறிவைக்கின்றன. (‘கேப்மாரி’ இந்த வரிசையில் சேராது. அது பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய ஒரு சமூகத்தின் பெயர். சாதி வசவு தனியாகவே எழுதவேண்டிய பெரிய கதை.) பெண்ணைத் திட்டும் சொற்களோ வேறு இடத்தில் குத்துகின்றன. அவள் யாரோடு படுத்தாள், பிள்ளை பெற்றாளா, புருஷன் இருக்கிறானா, குரலை உயர்த்தினாளா. ‘பஜாரி’ என்றால் பஜாரில் நின்று சத்தம் போடுகிறவள். அதே பஜாரில் அவளைவிடச் சத்தமாகக் கூவிக் கூவி விற்கிற ஆணுக்கு வியாபாரி என்று பெயர்.

சமூக வலைத்தளங்களில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ஒரு கட்சிக்கு ஆதரவாக ஆண் ஒருவர் எழுதினால் ‘200 ரூபாய்க்கு வேலை பார்க்கிறான்’ என்று கிண்டல் செய்வார்கள். அதே கருத்தை ஒரு பெண் எழுதட்டும், ‘உன் ரேட் என்ன’ என்று கேட்பார்கள். இரண்டிலும் விலை பேசுகிறார்கள். அவனிடம் கருத்துக்கு, அவளிடம் உடம்புக்கு. 200 ரூபாய் கிண்டலை வாங்கியவர் ‘நீ மட்டும் என்ன?’ என்று அதே 200 ரூபாயைத் திருப்பி வீசலாம், வீசுகிறார்கள். அவளால் எதைத் திருப்பி வீச முடியும்? ஒரு ஆணிடம் ‘உன் ரேட் என்ன’ என்று கேட்டால் அவன் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கனத்தை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல தராசு இதுதான்: வாங்கியவரால் அதைத் திருப்பித் தர முடியுமா? முடியாது என்றால் அது கனமான சொல்.

ஆண்பால் எங்கே போயிற்று?

திருப்பித் தர முடியாமல் போவதற்கு முதல் காரணம், தமிழில் அந்தச் சொற்களுக்கு ஆண்பால் இல்லாமல் போனது. பல சொற்களுக்கு இருந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஊடல் அதிகாரம் ஒன்றில் வள்ளுவரின் தலைவி கணவனைப் பார்த்து, ‘நண்ணேன் பரத்த நின் மார்பு’ என்கிறாள் (குறள் 1311). பரத்தனே, உன் மார்பை நெருங்க மாட்டேன் என்று நேருக்கு நேராகச் சொல்கிறாள். ‘பரத்தை’ என்பதற்கு ஆண்பால், அதுவும் வசவாகவே, நம் கையில் இருந்தது. இன்று ‘பரத்தை’ எல்லோருக்கும் தெரியும், ‘பரத்தன்’ யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி ஆணுக்கு இப்போது ‘மைனர்’, ‘பிளேபாய்’, ‘மன்மதன்’. சொல்லும்போதே உதட்டில் லேசாகப் புன்னகை வரும்.

கணவனை இழந்தவளுக்கு விதவை, கைம்பெண், அறுதலி, முண்டை என்று வரிசையாகப் பெயர் இருக்கிறது. மனைவியை இழந்தவனுக்கு? தொல்காப்பியத்தில் ‘தபுதார நிலை’ என்று ஒரு துறையே உண்டு. அதிலிருந்து ‘தபுதாரன்’ என்ற சொல்லும் உண்டு. வாழ்நாளில் ஒருமுறையாவது யாராவது யாரையாவது ‘டேய் தபுதாரா’ என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

ஆங்கிலத்திலும் இதே கதைதான். மாஸ்டர் இன்னும் எஜமானாகவே இருக்கிறார். அவருக்குப் பெண்பாலாக இருந்த மிஸ்ட்ரஸ், பத்திரிகைத் தமிழில் சொன்னால் ‘கள்ளக்காதலி’ ஆகிவிட்டாள். சர் என்றால் மரியாதை மட்டும்தான். மேடம் என்ற சொல்லுக்கோ விபச்சார விடுதி நடத்துகிறவள் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஜோடியாகப் பிறந்த சொற்களில் பெண்பால் மட்டும் எப்படிக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது என்று மியூரியல் ஷுல்ஸ் என்ற அறிஞர் 1975-இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் தமிழ் படித்திருந்தால் ஒரே ஒரு சொல்லை வைத்தே முழுக் கட்டுரையையும் எழுதியிருக்கலாம்.

ஆர், ஆள்

அந்தச் சொல் ‘தேவடியாள்’. இன்றைய தமிழில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய, அல்லது ஓர் ஆணின் அம்மாவைச் சுட்டிச் சொல்லக்கூடிய, மிகக் கொடிய சொற்களில் ஒன்று. இதன் பழைய வடிவம் தேவரடியார். தேவர் என்றால் கடவுள், அடியார் என்றால் தொண்டர். நாயன்மார்களைச் சொல்கிறோமே அடியார் என்று, அதே அடியார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களை ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய விவரம் இருக்கிறது. அங்கே அவர்களுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். கல்லில் வெட்டியிருப்பதைப் பார்த்தால் ஏதோ ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி இருக்கும்: எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா (தெற்கு வரிசையா வடக்கு வரிசையா), தலைவீடா இரண்டாம் வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சாதாரணப் பெண்களில் இத்தனை பேரின் பெயரும் வீட்டு விலாசமும் நமக்குத் தெரிகிறதென்றால் இவர்களுடையதுதான். மற்ற சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார்கள் கோயிலுக்கு விளக்கும் பொன்னும் நிலமும் தானம் கொடுத்தவர்களாக வருகிறார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் சொந்தமாக ஏதோ இருந்திருக்கிறது.

அப்புறம் அரசுகள் போயின, கோயில் மானியங்கள் தேய்ந்தன, பொட்டுக்கட்டிய, அதாவது கோயிலில் கடவுளுக்கு மணமுடித்து வைக்கப்பட்ட, பெண்கள் பணக்கார ஆண்களை அண்டி வாழும் நிலை வந்தது. அந்த முறையில் சுரண்டல் இருந்தது உண்மை. சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டியும் ஊர் ஊராகப் போய் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதை எதிர்த்துப் போராடியதும், 1947-இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டுவதைச் சட்டப்படி ஒழித்ததும் தெரிந்த வரலாறு. இவர்கள் இருவருமே அந்தப் பின்னணியை நெருக்கத்தில் அறிந்தவர்கள். முறை ஒழிந்தது. சொல் ஒழியவில்லை. நிலமும் நெல்லும் போய், வசவு மட்டும் தங்கிவிட்டது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு விகுதியை. ‘அடியார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ மரியாதை விகுதி. ‘அடியாள்’ என்று ஆனபோது அந்த மரியாதை எழுத்தளவிலேயே கழன்றுவிட்டது. அதே குடும்பங்களில் பிறந்து அதே கோயிலில் ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஆண்களுக்கு என்ன பெயர்? நட்டுவனார். இன்றைக்கும் பரதநாட்டிய மேடையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பவரை நட்டுவனார் என்றுதான் சொல்கிறோம். அவருடைய ‘ஆர்’ பத்திரமாக இருக்கிறது.

மொட்டையும் முண்டையும்

‘முண்டை’ என்றால் தலை மழிக்கப்பட்டவள், அதாவது விதவை. தலையை மழிப்பதில் என்ன இருக்கிறது? பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்தவர் சந்தனம் பூசிக்கொண்டு அலுவலகத்துக்கே வருவார், எல்லோரும் பிரசாதம் கேட்பார்கள். அவர் விரும்பிப் போட்டது மொட்டை. அவளுக்கு மற்றவர்கள் போட்டது முண்டை. கைம்மையின் கொடுமை நேற்று வந்ததில்லை. புறநானூற்றில் (246) பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, நெய்யில்லாத சோறும் எள்துவையலும் வேளைக்கீரையும் தின்று, பாயில்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கும் கைம்பெண் வாழ்க்கை எனக்கு வேண்டாம், தீயே மேல் என்கிறாள். அந்த வாழ்க்கையைத்தான் ஒற்றைச் சொல்லாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

என் அப்பத்தாவுக்கு இந்தச் சொல் வாயிலேயே இருக்கும். “அடி முண்ட, சாப்ட்டியா இல்லையா?” என்றுதான் என் அக்காவைக் கூப்பிடும். அப்பத்தா முப்பத்தைந்து வயதில் தாலி அறுத்தது. யாரும் அந்தச் சொல்லில் எதையும் கேட்கவில்லை. அக்காவும் “சாப்ட்டேன் கிழவி” என்று போய்விடுவாள். பாட்டி பேத்தியிடம் சொல்லும்போது அது கொஞ்சல். குழாயடியில் குடம் தள்ளிப்போட்ட சண்டையில் வேறொருத்தி அப்பத்தாவைப் பார்த்துச் சொன்னால் அது வேறு. அப்படி ஒருநாள் நடந்தது. வாய்ச்சண்டையில் தெருவையே ஜெயிக்கிற கிழவி, பதிலே பேசாமல் காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. சொன்னவளுக்குப் புருஷன் இருந்தான். அப்பத்தாவால் அதைத் திருப்பித் தர முடியாது.

பெண்களே பெண்களை இப்படித் திட்டிக்கொள்கிறார்களே என்று கேட்பார்கள். எங்கே அடித்தால் வலிக்கும் என்று பட்டவருக்குத்தானே நன்றாகத் தெரியும்.

ஆண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆணுக்குத் தாங்க முடியாத வசவுகள் எல்லாம் சுற்றி வளைத்துப் பெண்ணிடமே வந்து நிற்கும். அவன் அம்மாவை, அக்காவை, மனைவியைச் சொல்வது ஒரு வகை. ‘மாமா’ என்று தரகனாக்குவது இன்னொரு வகை. அங்கேயும் விற்கப்படுவது ஒரு பெண்தான். மூன்றாவது, அவனையே பெண் என்பது: பொட்டை, பேடி, வளையல் போட்டுக்கோ, சேலை கட்டிக்கோ. பொட்டைக்கோழி என்றால் முட்டையிடும் நல்ல கோழி. ஆணைப் பார்த்துச் சொன்னால் கோழை. பெண்ணைப் பார்த்து ‘ஆம்பள மாதிரி தைரியசாலி’ என்றால் பாராட்டு. படியில் ஏற்றினால் புகழ், இறக்கினால் வசவு. பாவம், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு அடிவாங்குபவர்கள் திருநங்கைகள். அவர்களைக் குறிக்கும் பழைய சொற்கள் எல்லாமே மற்றவர்களைத் திட்டப் பயன்பட்டு அழுக்கானவை. ‘திருநங்கை’ என்று புதுச்சொல்லே தேவைப்பட்டது அதனால்தான்.

பழகிப்போனால்

சரி, அப்படியென்றால் சில பெண்பால் வசவுகள் மட்டும் எப்படிச் சூடு ஆறிப்போயின? ‘ஙொக்கமக்கா’ என்பதில் அக்கா இருக்கிறாள், ஆனால் இன்று ஆறு அடித்த பேட்ஸ்மேனைப் பார்த்து வியந்து சொல்லும் சொல் அது. ‘கம்மனாட்டி’ என்பது ‘கைம்பெண்டாட்டி’ சிதைந்து வந்தது. விதவை என்றுதான் பொருள். சினிமா நகைச்சுவையில் ஆணைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி, அதில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதே மறந்துபோயிற்று.

இதற்கு நம்மிடம் பழைய விதியே உண்டு. பள்ளிக்கூடத்தில் இடக்கரடக்கல் படித்திருப்போம். மலம் கழிப்பதை ‘கால் கழுவி வந்தேன்’ என்று மறைத்துச் சொல்வது. தொல்காப்பியர் அதை ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்றார். அவையில் சொல்லக்கூடாததை மறைத்துச் சொல். பாடப்புத்தகம் பெரும்பாலும் விட்டுவிடுவது அடுத்த சூத்திரத்தை: ‘மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்’. பழகிப்போனதை மறைக்க வேண்டியதில்லை. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ஆப்பி. ஆ, பீ என்று பிரித்தால் முகம் சுளிப்போம். சேர்ந்தே பழகிவிட்டதால் வாசலில் தெளிக்கிறோம்.

வசவிலும் அதுதான் நடக்கிறது. உள்ளே இருக்கும் சொல் காதுக்குத் தெரியாத அளவு தேய்ந்தால் கனம் குறையும். ‘கம்மனாட்டி’யில் கைம்பெண் கேட்கவில்லை. ‘தேவடியாள்’ எவ்வளவு தேய்ந்தாலும் அந்தப் பெண் கேட்கிறாள். நண்பர்கள் ஒருவரையொருவர் அம்மாவைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே டீ குடிப்பார்கள், ‘அது சும்மா மச்சான்’ என்பார்கள். அவர்களுக்குள் பழகியிருக்கலாம். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பழகவில்லை. பழக்கம் என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய பழக்கம்.

சட்டமும் தன் பங்குக்கு எடை போடுகிறது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசச் சொல் பேசினால், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 294(ஆ), 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296. அதிகபட்சம் மூன்று மாதம். அதே சொல்லை ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொன்னால் முன்பு 509, இப்போது 79. மூன்று ஆண்டு வரை போகலாம். இன்னொரு பக்கம், ஓர் இணையத் தொடர் தொடர்பான வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கொச்சையாகத் திட்டுவது வேறு, ஆபாசம் வேறு என்றது; கோபத்தில் சொல்லும் வசவைக் கேட்டு யாருக்கும் காமம் கிளர்வதில்லை என்பது அதன் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் வலிப்பது எது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆபாசம் வலிக்காது.

சில வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் தண்ணீர் மோட்டார் தகராறு ஒன்று போலீஸ் வரைக்கும் போனது. எதிர்வீட்டு அக்காவுக்கு நான்தான் மனு எழுதிக்கொடுத்தேன். என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை அப்படியே எழுதவேண்டும், ‘தகாத வார்த்தைகளால்’ என்று செய்தித்தாள் மாதிரி எழுதினால் போதாது என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. “அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் இடம் விட்டுடு தம்பி, நான் அப்புறம் எழுதிக்கிறேன்” என்றார். விட்டேன். ஒரு வாரம் கழித்து நகலைக் காட்டினார். நான் விட்ட இடத்தில் வேறு மையில், குண்டு குண்டான எழுத்தில், ‘என் வீட்டுக்காரர் இறந்துபோனதைச் சொல்லி’ என்று எழுதியிருந்தது.